கின்ராராவில் ஒரு நோன்புப் பகல்

ஐனுல் ஹக்கின் படுக்கை கீழே, என்னுடையது மேலே. பூச்சோங்கில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிக்குப் பின்புறம், வேலையாட்கள் தங்கத் தகரத்தையும் பலகையையும் வைத்து அடித்த கொங்சி வீட்டில் வருஷக்கணக்காக அப்படித்தான் கிடந்தோம். இருவரும் வங்கதேசம்தான், அவர் ஜெசூர்க்காரர், நான் பரிசால். ஊரிலேயே இருந்திருந்தால் எங்கள் முகம் ஒருவருக்கொருவர் தெரிந்திருக்காது. மலேசியாவில் அவர் இருமினால் எதற்கு இருமுகிறார் என்று எனக்குத் தெரியும்.

அவர் மனைவி தொஹுராவை நான் நேரில் பார்த்ததில்லை. குரலை மட்டும் தினமும் கேட்டேன். வேலை முடிந்து குளித்துவிட்டு அவர் போனை எடுப்பார். கீழிருந்து அந்தக் குரல் மேலே வரும். "சாப்டீங்களா, என்ன கொழம்பு, கை காயம் ஆறிச்சா, காட்டுங்க." நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். திரும்பிப் படுத்தால் காது கேட்காமல் போய்விடுமா என்ன?

அவர் மலேசியா வருவதற்கு முன் அவரும் தொஹுராவும் சேர்ந்து பார்த்த ஒரே பெரிய ஆட்டம் 2012 ஆசியக் கோப்பை கிரிக்கெட்டின் இறுதிப் போட்டி. அதைப் பற்றி ஐனுல் பாய் என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. அப்போது அவர், ஆட்டம் நடந்த டாக்கா மீர்பூரிலேயே ஒரு ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி நாலைந்து மாதம். இரண்டு டிக்கெட் கிடைத்ததும் மனைவியை ஆச்சரியப்படுத்தலாம் என்று கூட்டிப்போனார். ஆச்சரியப்பட்டது அவர்தான்.

"அடுத்த பந்தை மெதுவாப் போடுவான், பாருங்க" என்றாளாம் அவள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"மணிக்கட்டைப் பாருங்க, தெரியும்."

மெதுவாகத்தான் வந்தது. அடுத்ததையும் சொன்னாள். அதுவும் அப்படியே. முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் திரும்பி, "தங்கச்சி, நாம ஜெயிப்பமா, அதைச் சொல்லு முதல்ல" என்று கேட்டிருக்கிறார். அதற்கு மட்டும் அவள் பதில் சொல்லவில்லை.

கடைசி ஓவரில் ஒன்பது ரன் வேண்டியிருந்தது. பாகிஸ்தானிடம் இரண்டு ரன்னில் தோற்றோம். ஆட்டக்காரர்கள் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தை வைத்து அழுததை நாடே பார்த்தது. மைதானத்தை விட்டு அத்தனை ஆயிரம் பேர் வெளியே வந்தும் ரோட்டில் செருப்புச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை என்பார் ஐனுல் பாய். அந்த நடையில்தான் அவள் சொன்னாள்.

"நானும் போட்டிருக்கேன்."

"என்ன போட்ட?"

"பந்து. ஜில்லா டீமுக்கு. எடது கை சுழல்."

அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. குல்னாவில் நடந்த தேர்வில் அவளை எடுத்திருக்கிறார்கள். நாட்டுக்கென்று பெண்கள் அணி அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. டாக்கா முகாமுக்குக் கிளம்ப வேண்டிய வாரத்தில் அவள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வீட்டில் தம்பி தங்கைகள் மூன்று பேர். யாரும் அவளைப் போகாதே என்று சொல்லவில்லை. போ என்று சொல்லவும் யாரும் இல்லை. அடுத்த வருஷம் அந்தப் பெண்கள் அணி முதல்முறையாக ஆசியக் கோப்பைக்குப் போனபோது இவள் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆடத்தான் குடுத்து வைக்கல" என்றாள். "என்னிக்காவது ஒருநாள் அந்தக் கோப்பையை நாம ஜெயிப்போம்ல, அன்னிக்கு நான் பாக்கணும். கூட்டிட்டுப் போவீங்களா?"

"போவேன்" என்றார் அவர்.

மறு வருஷம் அவர் மலேசியாவுக்கு விமானம் ஏறினார். இரண்டு வருஷம் என்று பேச்சு. வந்து சேர்ந்த நாலாம் மாதம் மகள் பிறந்தாள். ருமைசா என்று பெயர் வைத்தார்கள். முதல் பல், முதல் நடை, முதல் காய்ச்சல் எல்லாவற்றையும் அவர் போன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தே பார்த்தார். பெர்மிட்டில் ஏதோ சிக்கல், ஏஜென்ட் மாறிவிட்டான், இந்தக் கட்டடம் முடியட்டும், அடுத்த பெருநாளுக்குக் கட்டாயம் என்று இரண்டு வருஷம் ஐந்தாகிப் போனது.

எங்கள் கொங்சியில் நந்தசேன என்று ஒரு சிங்களவர் இருந்தார். கம்பி கட்டுகிறவர். எங்களோடு இருந்து இருந்து உடைசல் வங்காளம் பேசுவார். எங்கள் ஆள் யாராவது டிவி முன்னால் உட்கார்ந்தால் போதும், வந்து நின்று, ஆசியக் கோப்பையை யார் எப்போது ஜெயித்தார்கள் என்று விரலை மடக்க ஆரம்பித்துவிடுவார்.

"எண்பத்தாறு, நாங்க. தொண்ணூத்தேழு, நாங்க. ரெண்டாயிரத்து நாலு, எட்டு, பதினாலு. அஞ்சு. இந்தியாக்காரனும் அஞ்சு. பாகிஸ்தான்காரன்கூட ரெண்டு. ஒங்களுது எங்கப்பா?"

"எங்க கைல விரலு இருக்கு. மடக்கத்தான் கோப்பை இல்ல" என்பார் ஐனுல் பாய்.

"கோப்பை மட்டும் ஒங்க ஊர்லயே வந்து வந்து நடக்குது. ஒங்க வீட்டுக் கல்யாணம், மாப்ள மட்டும் வேற வீடு."

2016இல் மறுபடி மீர்பூர், மறுபடி இறுதிப் போட்டி. ஆட்டத்துக்கு முன்னால் புயலும் மழையும் அடித்தன. அதனால் ஓவரைக் குறைத்தார்கள். இந்தியாவிடம் தோற்றோம். அன்று நந்தசேனகூட விரலை மடக்கவில்லை. டீ போட்டுக்கொண்டு வந்து ஐனுல் பாய் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

2018 ரமலான் மாதம். ஒருநாள் விடியுமுன் நோன்புக்கான சஹர் சாப்பாடு முடித்து, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் தொஹுரா கூப்பிட்டாள். அந்த நேரத்தில் அவள் கூப்பிட்டதே இல்லை. ஐனுல் பாய் பதறிப்போய், "எங்கம்மாவுக்கு ஏதாச்சுமா?" என்றார்.

"அவங்களுக்கென்ன, நல்லாருக்காங்க. கின்ராராங்கறது ஒங்க எடத்துலருந்து எவ்ளோ தூரம்?"

"பக்கம்தான். பஸ்ல அரைமணி நேரம். ஏன்?"

"நம்ம பொண்ணுங்க அங்கதான் ஆடறாங்க. ஆசியக் கோப்பை. நேத்து இந்தியாவைத் தோக்கடிச்சிட்டாங்க. நீங்க பக்கத்துலயே ஒக்காந்துகிட்டு என்னதான் பண்றீங்க?"

எங்களுக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது. ஆண்கள் ஆட்டமென்றால் கொங்சிக்கே தூக்கம் இருக்காது. பெண்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆளில்லை. பெண்களுக்கான ஆசியக் கோப்பை தொடங்கிய நாளிலிருந்து ஆறு தடவையும் இந்தியாதான் எடுத்திருக்கிறது, அதில் ஒரு ஆட்டத்தில்கூட இதுவரை தோற்றதில்லை என்று அவள்தான் சொன்னாள். "நேத்துதான் மொத மொத தோத்திருக்காங்க. அதுவும் நம்மகிட்ட." அப்படிச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் ஏறி இறங்கியது.

இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை என்று தெரிந்ததும் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எனக்குப் போன்ல காட்டுவீங்களா?"

அந்த ஞாயிறு பார்த்து மேஸ்திரி ஓவர்டைம் போட்டார். ஏழாம் மாடிக்குக் கான்கிரீட். ஐனுல் பாய் ஐந்து வருஷத்தில் ஓவர்டைம் வேண்டாமென்று சொன்னவரில்லை. அன்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் வரல."

"என்ன, காய்ச்சலா?"

"மேட்ச் பாக்கப் போறேன்."

"என்ன மேட்ச்?"

"பொண்ணுங்க மேட்ச்."

மேஸ்திரி எங்களைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார், யாராவது சிரிக்கிறோமா என்று. நான் சிரிக்கவில்லை. "நானும் வரல" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. பின்னாலிருந்து நந்தசேன, "நானும்தான். இவங்க தோக்கறத நேர்ல பாக்கணும்" என்றார்.

மைதானத்தில் டிக்கெட் எதுவும் இல்லை. சுற்றிலும் புல் மேடு, அங்கங்கே மரம். நாங்கள் போனபோது மேடு முழுக்க நம் ஆட்கள்தான். கட்டட வேலைக்காரர்கள், கையுறைத் தொழிற்சாலைக்காரர்கள், தோட்ட வேலைக்காரர்கள். யாரோ பச்சையும் சிவப்புமாகக் கொடி கட்டியிருந்தார்கள். எல்லாருக்கும் நோன்பு. வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீர் பாட்டில் ஒருவர் கையிலும் இல்லை, நந்தசேன கையில் மட்டும் ஒன்று. அதையும் அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் குடித்தார்.

ஐனுல் பாய் போனைப் போட்டார். ஜெசூரில் வீட்டு முற்றம் தெரிந்தது. தொஹுராவின் முகம், அவள் தோளுக்கு மேல் ருமைசாவின் கண்.

"ஏங்க, வானம் தெரியுது. எறக்கிப் பிடிங்க. இன்னும். இப்ப மரம் தெரியுது. எனக்கு எதுக்குங்க மரம்?"

"இப்ப?"

"ஆ... இப்ப தெரியுது." நான் எட்டிப் பார்த்தேன். முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாபா மூஞ்சி காட்டு" என்றாள் ருமைசா.

அவர் போனைத் திருப்பி முகத்தைக் காட்டினார்.

"ஐயோ, பந்து போட ஓடி வர்றா, அங்க காட்டுங்க!" என்றாள் மனைவி.

மறுபடி மைதானம். ஒரு ஓவர் போவதற்குள் மறுபடி, "பாபா எங்க?" இப்படியே அவர் கை அங்கும் இங்கும் திரும்பிக்கொண்டே இருந்தது. நந்தசேன பார்த்துவிட்டு, "ரெண்டு போன் வாங்கணும்யா நீ, ஒண்ணு பொண்டாட்டிக்கு, ஒண்ணு பொண்ணுக்கு" என்றார்.

இந்தியா முதலில் ஆடி நூற்றுப் பன்னிரண்டு எடுத்தது. நம் பெண்கள் பந்து போடும்போதெல்லாம் தொஹுரா ஜெசூர் முற்றத்திலிருந்து கத்தினாள். "அவளை இன்னும் கொஞ்சம் உள்ள நிக்கச் சொல்லுங்க! காலுக்குப் போடாத, காலுக்குப் போடாத! ஆங், அப்படி!" மைதானத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். கத்தினாள்.

சத்தம் கேட்டு ஐனுல் பாயின் அம்மா முற்றத்துக்கு வந்துவிட்டார். "என்ன மருமவளே, யார்கூட சண்டை?"

"சண்டை இல்லம்மா. ஆட்டம்."

"யாரு இந்தப் பொண்ணுங்க?"

"நம்ம நாட்டுப் பொண்ணுங்கதான்."

"ஒனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

தொஹுரா போனைப் பார்த்தாள். ஐனுல் பாய்தான் இங்கிருந்து பதில் சொன்னார். "அம்மா, அவ ஆடினவம்மா. ஜில்லாவுக்கு ஆடினா. அவங்கம்மா விழுந்ததால நின்னுட்டா. இல்லன்னா இன்னிக்கு இங்க ஆடிக்கிட்டிருப்பா."

கல்யாணமாகி ஆறு வருஷத்துக்கு மேல். மாமியாருக்கு இது தெரியாது. அந்த அம்மாள் ஒரு மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு மருமகள் பக்கத்தில் உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

நம் ஆட்டம் நன்றாகத்தான் தொடங்கியது. நடுவில் விக்கெட்டுகள் விழுந்தன. பிறகு ரன் வந்தது, பிறகு மறுபடி விழுந்தன. மேட்டில் இருந்தவர்கள் மெதுவாக எழுந்து நின்றார்கள். வறண்ட வாயோடு எல்லாரும் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்கள். கடைசி ஓவர் வந்தபோது ஒன்பது ரன் வேண்டும்.

"ஒன்பது" என்றாள் தொஹுரா. "மீர்பூர்லயும் ஒன்பதுதான்."

"அதெல்லாம் இப்ப நெனைக்காத" என்றார் ஐனுல் பாய். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

முதல் மூன்று பந்தில் ஆறு ரன் வந்துவிட்டது. மேடே குதித்தது. அடுத்த பந்தில் ஒருத்தி அவுட். சத்தம் அடங்கிப்போனது. அந்த நேரம் பார்த்துப் போன் அணைந்துவிட்டது. மதியத்திலிருந்து வெயிலில் பிடித்த போன், தோசைக்கல் மாதிரி கொதித்தது. அவர் அதைத் தட்டினார், சட்டையால் துடைத்தார், ஊதினார். "தொஹுரா, தொஹுரா" என்று கறுத்த கண்ணாடியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"பாய், இங்க பாருங்க, ஆட்டத்தப் பாருங்க" என்று நான் அவர் தோளைப் பிடித்தேன். ஐந்தாம் பந்தில் ஒரு ரன். இரண்டாவதுக்கு ஓடி இன்னொருத்தி ரன் அவுட். கடைசிப் பந்து, இரண்டு ரன் வேண்டும்.

நான் பார்த்தேன். பந்து மேலே எழும்பி இடது பக்கம் போனதை, அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு ஓடியதை, திரும்பியதை, தரையில் நீட்டி விழுந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை, யாரோ என்மேல் விழுந்துவிட்டார்கள். எழுந்து பார்த்தால் மேட்டில் பாதிப் பேர் கீழே இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். நந்தசேன தன் பாட்டில் தண்ணீரைத் தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டு கூத்தாடினார். "ஒண்ணு! ஒங்களுக்கும் ஒண்ணு!"

ஐனுல் பாய் மட்டும் புல்லில் உட்கார்ந்திருந்தார், அணைந்த போனை மடியில் வைத்துக்கொண்டு. அவர் அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அவ பாக்கலியே, லோக்மான்" என்றார். "கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். கடைசிப் பந்தை அவ பாக்கலியே."

நந்தசேன தன் போனை நீட்டினார். எண்ணை ஐனுல் பாய் மனதிலிருந்தே அழுத்தினார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னாச்சு?"

"ஜெயிச்சுட்டோம்."

லைன் போய்விட்டதோ என்று அவர் போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தார்.

"எப்படி?" என்றாள். "கடைசிப் பந்து எங்க போச்சு? எப்படி ஓடினாங்க? சொல்லுங்க."

ஐனுல் பாய் என்னைப் பார்த்தார். "நான் கண்ண மூடிட்டேன்" என்றார் குற்றவாளி மாதிரி.

"கண்ண மூடிட்டீங்களா! அங்க நேர்ல நின்னுகிட்டு!"

நந்தசேன போனைப் பிடுங்கினார். தன் உடைசல் வங்காளத்தில் ஆரம்பித்தார். "தங்கச்சி, நான் பாத்தது. பந்து ஒசர வந்தது. அவ முட்டி போட்டு அடிச்சது. எடது பக்கம் போனது. ஒண்ணு ஓடினது, திரும்பினது, ரெண்டாவது ஓடினது. பந்து வந்துகிட்டே இருக்கு. அவ விழுந்தது, இப்படி, கை நீட்டி, மட்டை முன்னால. புழுதி பறந்தது."

"கோட்டுக்குள்ள வந்துட்டாளா? நல்லா உள்ள வந்துட்டாளா?"

"நல்லா உள்ள. நான் சிறிலங்கா, தங்கச்சி. எனக்குப் பொய் சொல்லணும்னு என்ன இருக்கு?"

அப்போதுதான் அவள் அழுதாள். மீர்பூரில் அத்தனை பேர் அழுதபோது அழாதவள். நந்தசேன போனைக் காதிலிருந்து எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடம் கொடுத்தார். நான் ஐனுல் பாயிடம் கொடுத்தேன். அழுகைக்கு நடுவே அவள் சொன்னது எனக்கும் கேட்டது. "யாரையும் எனக்குத் தெரியாது. எல்லாரும் எனக்கு அப்புறம் வந்த பொண்ணுங்க. ஆனா அந்தப் பந்துக்கு என் காலும் ஓடிச்சுங்க. இந்த முத்தத்துல நின்ன எடத்துலயே ஓடிச்சு."

நோன்பு திறக்கிற நேரத்துக்குக் கொங்சிக்குத் திரும்பினோம். பொரியும் கடலையும் வெங்காயப் பக்கோடாவும் எங்களுக்கு முன்னால் இருந்தன. ஐனுல் பாய் ஒரு பேரீச்சையை வாயில் போட்டு, கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "போறேன்" என்றார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

நினைத்த உடனே ஊருக்குக் கிளம்ப முடிகிற இடமில்லை இது. அந்தச் செப்டம்பரில் துபாயில் ஆண்கள் மறுபடி இறுதிப் போட்டிக்கு வந்து மறுபடி கடைசிப் பந்தில் இந்தியாவிடம் தோற்றார்கள். அதையும் அவர் என் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்துதான் பார்த்தார். மறு வருஷம், மழைக்கு முன்னால் ஊருக்குத் திரும்பினார்.

போன பிறகு வாரம் ஒரு தடவை பேசுவார். அவர் அம்மா தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "என் மருமவ கோப்பை ஆடியிருக்க வேண்டியவ" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அறுவடை முடிந்த வயலில் அக்கம்பக்கத்துப் பெண்பிள்ளைகள் ஆடுகிறார்கள், தொஹுரா போய் நான்கு பந்து போட்டுவிட்டு வந்து சோறு வடிக்கிறாளாம். "நானும் மட்டையப் பிடிச்சேன், லோக்மான். ஒரு பந்து தொட முடியல."

"பொண்ணு எப்படி இருக்கா?" என்று நான் கேட்பேன். அதற்கு மட்டும் பதிலை இழுப்பார். அவள் அவரிடம் வரவில்லை. போனில் பாபா பாபா என்று உயிரை விட்ட பிள்ளை, நேரில் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அவர் நெருங்கினால் தள்ளிப் போனது. "இவர் எப்ப அவர் வீட்டுக்குப் போவாரு?" என்று அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டதாம்.

பெருநாள் கழிந்து ஒரு காலையில் கூப்பிட்டார். அன்று தொஹுரா குளத்துக்குப் போயிருந்தாள். ருமைசா பள்ளிக்குக் கிளம்ப வேண்டும். சீப்பை எடுத்துக்கொண்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் அவர் கையில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டி அவர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குப் பின்னத் தெரியாதே, லோக்மான். அவ முடி எவ்ளோ மெலிசா இருக்கு தெரியுமா? இத்தனை வருஷம் பாத்திருக்கேன், மெலிசுன்னு தெரியவே இல்ல."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"கோணலா ஏதோ பின்னினேன். அப்படியே போயிட்டா."

வேலைக்கு லாரி வந்துவிட்டது, மேஸ்திரி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பரிசாலில் எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவள் முடி எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே போனை வைத்தேன்.